முதல் சுற்றில் நெஞ்சுவலி, இரண்டாம் சுற்றில் இல்லை: இதயத் தசை தன்னைக் காத்துக்கொள்வது எப்படி?

நடைமேடை — பதிவு 1

டிரெட்மில் அறையில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் பழகிய காட்சி இது. நிலையான ஆஞ்சைனா (உழைப்பில் வரும் நெஞ்சுவலி) உள்ளவர், ப்ரூஸ் முறை என்ற படிப்படியான டிரெட்மில் சோதனை. முதல் படி மணிக்கு 2.7 கி.மீ., 10% ஏற்றம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். இரண்டாம் படியின் பாதியில் நெஞ்சு இறுக்குகிறது, ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. (தசைக்கு ரத்தம் போதாததைக் காட்டும் கோட்டுப் பகுதி) ஒரு மி.மீ.க்கு மேல் இறங்குகிறது. நிறுத்தி, பத்து நிமிடம் உட்காரவைத்து, வலி போன பிறகு மறுபடி ஏற்றினால் அதே இடத்தை வலியில்லாமல் தாண்டிப் போகிறார். வலி வந்தாலும் பிந்தித்தான் வருகிறது. நாடியும் ரத்த அழுத்தமும் முதல் சுற்றில் இருந்த அளவுக்கே ஏறினாலும் எஸ்.டி. இறக்கம் குறைவு.

இடைவெளியில் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அடைப்பும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆஞ்சைனாவுக்கு அந்தப் பெயரை வைத்த பதினெட்டாம் நூற்றாண்டு மருத்துவர் ஹெபர்டனே, தினம் அரை மணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறையக் குணமான ஒருவரைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆக, இது புதிதாகக் கண்டதல்ல.

என் கேள்வி: பத்து நிமிடத்தில் மாறியது ரத்தக்குழாயா, தசையா? தசைதான் என்றால், அந்தக் காப்பு எவ்வளவு நேரம் நிற்கும்? அதை நாம் வேண்டுமென்றே வரவழைக்க முடியுமா?

---

வெண்ணாறு — பதிவு 2

பதிலுக்கு முன்னால் இதயத்தின் வரவு செலவைப் பார்த்துவிடுவோம். மற்ற தசைகள் ஓய்வில் தங்களுக்கு வரும் ஆக்சிஜனில் கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்கின்றன. வேலை கூடும்போது இன்னும் எடுக்க மிச்சம் இருக்கிறது. இதயத் தசை ஓய்விலேயே 70–75 சதவீதத்தை உறிஞ்சிவிடுகிறது. மிச்சம் மிகக் குறைவு. தேவை கூடினால் ஒரே வழி ஓட்டத்தைக் கூட்டுவது. ஆரோக்கியமான கரோனரி (இதயத் தசைக்கு ரத்தம் தரும் குழாய்) ஓட்டத்தை நான்கு ஐந்து மடங்கு வரை கூட்ட முடியும்.

அதனால் முதல் காப்பு ரத்தக்குழாயில்தான் இருக்கிறது. பெரிய குழாய் சுருங்கினால் அதற்குக் கீழே உள்ள சிற்றிழைக் குழாய்கள் விரிந்து ஈடு கட்டும். அழுத்தம் சுமார் 60 மி.மீ.க்கு மேல் இருக்கும்வரை ஓய்வு ஓட்டம் குறையாது. விரிய வேண்டியது முழுவதும் விரிந்து முடிந்ததும்தான் சிக்கல், அதுவும் முதலில் சுவரின் உள்ளடுக்கில். சுருங்கும்போது அதிகம் நசுங்குவது உள்ளடுக்கு; அதற்கு ரத்தம் கிடைப்பது தளரும் நேரத்தில் மட்டுமே. நாடி வேகமானால் தளரும் நேரம் குறையும்.

இரண்டாவது காப்பு, வேலையை நிறுத்துவது. குழாய் முழுக்க அடைத்தால் பத்து விநாடிக்குள் அந்தப் பகுதி சுருங்குவதை விட்டுவிடும். பார்க்கப் பழுது போலத் தெரியும், உண்மையில் சிக்கனம். ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் நாணயம்) அதிகம் செலவாவது சுருங்குவதில்தான். கிரியேட்டின் பாஸ்பேட் இருப்பு முதலில் கரைகிறது, ஏ.டி.பி. அதன்பின் மெல்ல இறங்குகிறது. சுமார் 20 நிமிடத்துக்குள் குழாயைத் திறந்தால் எல்லாம் மீளும். அதன்பின் உள்ளடுக்கிலிருந்து சாவு தொடங்கி அலைபோல வெளியே நகரும். ரைமரும் ஜென்னிங்ஸும் நாய்களில் அளந்த கணக்கு: 40 நிமிடம் அடைத்தால் சுவரின் 38%, மூன்று மணி நேரத்தில் 57%, ஆறு மணி நேரத்தில் 71%, திறக்காமலே விட்டால் 85%.

இந்த நாலு எண்ணையும் மனதில் வையுங்கள். பின்னால் வரும் எல்லாம் இந்த அலையின் வேகத்தைப் பற்றியதுதான்.

---

கேத்லேப் இரவுப்பணி — பதிவு 3

வெண்ணாறு விட்ட இடத்திலிருந்து. அதே ஜென்னிங்ஸ், ரைமர், அவர்களோடு மரி, 1986-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைதான் இந்தத் துறையின் ஆணிவேர். நாயின் சர்க்கம்ஃபிளெக்ஸ் குழாயை (கரோனரியின் ஒரு கிளை) 5 நிமிடம் அடைத்து, 5 நிமிடம் திறந்து, இப்படி நான்கு முறை. அதன்பின் 40 நிமிடத் தொடர் அடைப்பு. ஏற்கெனவே 20 நிமிடம் பட்டினி கிடந்த தசை இன்னும் மோசமாகத்தான் சாக வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு: ஆபத்துக்குட்பட்ட பகுதியில் செத்தது 29 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தது.

இதற்கு ப்ரீகண்டிஷனிங் என்று பெயர் வைத்தார்கள். தமிழில் முன்பழக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லோரும் மேற்கோள் காட்டும் பாதி இது. அதே கட்டுரையின் மறுபாதியைப் பலர் படிப்பதில்லை. இறுதி அடைப்பை 40 நிமிடத்துக்குப் பதில் மூன்று மணி நேரம் வைத்தபோது, பழக்கிய நாய்க்கும் பழக்காத நாய்க்கும் வேறுபாடே இல்லை. முன்பழக்கம் சாவைத் தள்ளிப்போடும், தடுக்காது. கிடைத்த நேரத்துக்குள் குழாயைத் திறக்காவிட்டால் அந்தக் காப்பு வீண்.

மனிதரில் நேரடிச் சான்று ஆஞ்சியோபிளாஸ்டியில் கிடைத்தது. 1990-இல் வந்த ஆய்வு: முன் இறங்கு குழாயில் (கரோனரியின் இன்னொரு கிளை) பலூனை 90 விநாடி ஊதி, விட்டு, மறுபடி 90 விநாடி. இரண்டாம் முறை வலி குறைவு, எஸ்.டி. ஏற்றம் குறைவு, லாக்டேட் குறைவு. இதயச் சிரையில் அளந்த ஓட்டம் கூடவில்லை. அதாவது பக்கவழியில் ரத்தம் வந்து காப்பாற்றவில்லை; தசையே மாறியிருக்கிறது. நடைமேடையின் கேள்விக்கு என் விடை: தசை.

---

சிற்றோடை — பதிவு 4

கேத்லேப், அவசரப்படாதீர்கள். பலூனுக்குச் சரி. டிரெட்மில்லுக்கு அப்படியே பொருத்த முடியாது.

பலூன் முழு அடைப்பு. நடையில் வருவது தேவைக்கும் வரத்துக்கும் இடையிலான இழுபறி. 2012-இல் லண்டன் குழு ஒன்று கரோனரிக்குள் அழுத்தக் கம்பியும் ஓட்டக் கம்பியும் வைத்தபடியே நோயாளிகளை இருமுறை மிதிவண்டி மிதிக்கவைத்து அளந்தது. இரண்டாம் சுற்றில் தமனி மரம் தளர்ந்திருந்தது, இதயம் எதிர்த்துத் தள்ளவேண்டிய சுமை இறங்கியிருந்தது, நுண்குழாய்த் தடை குறைந்திருந்தது, உள்ளடுக்குக்குப் போகும் ஓட்டம் கூடியிருந்தது. ஆக வார்ம்-அப்பில் (முதல் சுற்று இரண்டாம் சுற்றை எளிதாக்குவதில்) பெரும்பங்கு குழாய்களுடையது.

இன்னொரு பிடி. முன்பழக்கத்துக்குச் செல்லின் பொட்டாசியம் வாயில் (பொட்டாசியம் போகும் வழி) திறக்க வேண்டும். கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை அதை அடைக்கும். பலூன் சோதனையில் இந்த மருந்து முன்பழக்கத்தை அழித்துவிடுகிறது. நடைச் சோதனைகளில் முடிவு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஒரே இயக்கம் என்றால் அப்படி மாறாது.

---

கேத்லேப் இரவுப்பணி — பதிவு 5

ஏற்கிறேன். "தசை மட்டும்" என்று சொன்னது பிழை. ஆனால் பழைய அளவீடுகளில், ஓட்டம் கூடாமலே தசையின் ஆக்சிஜன் செலவு இறங்கியதையும் கண்டிருக்கிறார்கள். இரண்டும் கலந்தது என்று முடிப்போம்.

---

மைட்டோ — பதிவு 6

தசைக்குள் நடப்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சங்கிலி தெரியாமல் மருந்து, காபி, சர்க்கரை நோய் பற்றிப் பேசினால் குழப்பமே மிஞ்சும்.

ஏ.டி.பி. உடைந்தால் ஏ.டி.பி.யின் எலும்புக்கூடு போல அடினோசின் மிஞ்சுகிறது. அது செல்லை விட்டு வெளியே கசிந்து, நுண்குழாயை விரிக்கிறது. அங்குள்ள வலி நரம்பையும் தூண்டுகிறது. நெஞ்சுவலியை உண்டாக்கும் அதே மூலக்கூறுதான் காப்பையும் தொடங்கிவைக்கிறது. செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏ1 ஏற்பியில் அது உட்கார்ந்தால் சமிக்ஞை உள்ளே போகும். ரத்தத்தில் அதன் ஆயுள் பத்து விநாடிகூட இல்லை, ஆனால் கதவைத் தட்டிவிட்டுப் போக அது போதும். பிராடிகைனினும் உடல் தானே சுரக்கும் ஓபியாய்டுகளும் அதே வேலையைச் செய்கின்றன. இவற்றின் கூட்டுத்தொகை ஒரு வாசலைத் தாண்ட வேண்டும். ஒற்றைச் சிறு அடைப்பு போதாமல் போகும் உடம்பில் மூன்று நான்கு தேவைப்படுவது இதனால்தான்.

உள்ளே புரதக் கைனேஸ் சி-யின் எப்சிலான் வகை, அக்ட், எர்க் எனப் பல நொதிகள் வழியாகச் செய்தி செல்லின் ஆற்றல் ஆலையான மைட்டோகாண்ட்ரியாவைச் சேர்கிறது. இறுதிக் காவல் அங்கேதான். மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் ஒரு பெருந்துளை திறக்கக்கூடும். அது திறந்தால் மின்னழுத்தம் போய்விடும், ஏ.டி.பி. ஆக்கம் நின்றுவிடும், மைட்டோகாண்ட்ரியா வீங்கி வெடிக்கும். சைக்ளோஃபிலின் டி என்ற புரதம் அதைத் திறக்கத் துணைபோகிறது. முன்பழக்கத்தின் எல்லா வழிகளும் கடைசியில் இந்தத் துளையை மூடிவைக்கத்தான்.

பலர் கவனிக்காத ஒன்று: துளை அடைப்பின்போது திறப்பதில்லை, குழாயைத் திறந்த முதல் சில நிமிடங்களில்தான் திறக்கிறது. அடைப்பின்போது செல் அமிலமாக இருக்கிறது. அமிலம் துளையை மூடிவைக்கும். ரத்தம் வந்ததும் அமிலம் கழுவப்படும், செல்லுக்குள் கால்சியம் குவியும், அடைப்பின்போது சேர்ந்திருந்த சக்சினேட் சட்டென எரிந்து தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கொட்டும். மூன்றும் ஒரே நொடியில் சேரும்போது துளை திறக்கிறது. மீட்க வந்த ரத்தமே ஒரு பங்கைக் கொல்கிறது என்று சொல்வது இதைத்தான்.

---

நடைமேடை — பதிவு 7

மைட்டோ, நன்றி. இந்தக் காப்பு எவ்வளவு நேரம் நிற்கும்?

---

மைட்டோ — பதிவு 8

இரண்டு தவணை. முதலாவது உடனே வரும், ஒன்று இரண்டு மணி நேரத்தில் போய்விடும். ஏற்கெனவே உள்ள புரதங்களை மாற்றியமைப்பதால் வருவது. நடுவில் காப்பே இல்லாத ஒரு வெற்றிடம். பிறகு ஏறக்குறைய 24 மணி நேரம் கழித்து இரண்டாவது தவணை, 72 மணி நேரம் வரை. இதை 1993-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. இது செல் புதிதாகப் புரதம் செய்துகொள்வதால் வருவது: வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், மாங்கனீஸ் டிஸ்மியூட்டேஸ், நைட்ரிக் ஆக்சைடு ஆக்கும் தூண்டல் நொதி, காக்ஸ்-2. முதல் தவணை அளவுக்கு வலுவில்லை, ஆனால் நீண்டது.

---

முல்லைக்கொடி — பதிவு 9

மாரடைப்புக்கு முந்தைய நாட்களில் ஆஞ்சைனா வந்தவர்களுக்குச் சேதம் குறைவு என்று சொல்வது இந்த இரண்டாம் தவணையா?

---

கேத்லேப் இரவுப்பணி — பதிவு 10

பெரும்பாலும். 1995-இல் வந்த டிமி-4 ஆய்வில், முன்பு ஆஞ்சைனா இருந்தவர்களுக்கு என்சைம் கணக்கில் (செத்த தசையிலிருந்து ரத்தத்தில் கசிவது) சேதம் சிறியது, மருத்துவமனைச் சாவும் கடும் இதயச் செயலிழப்பும் குறைவு. வயதானவர்களில் இந்த நன்மை தேய்கிறது; தொடர்ந்து உடலுழைப்பு உள்ள முதியவர்களில் தங்குகிறது என்று இத்தாலியக் குழு ஒன்று காட்டியது.

ஆனால் இதை யாரும் ஆறுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாரடைப்பு வந்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்த கணக்கு இது. புதிதாக வந்த வலி, ஓய்விலேயே வரும் வலி, நாளுக்கு நாள் குறைந்த உழைப்பிலேயே வரும் வலி: மூன்றும் குழாய்க்குள் ரத்தக்கட்டி உருவாகிறது என்பதற்கான அடையாளம். ஓய்வெடுத்தும் சில நிமிடத்தில் அடங்காத வலிக்கு 108-ஐ அழைக்க வேண்டும்; "இதயம் பழகிக்கொள்கிறது" என்று வீட்டில் உட்காரக் கூடாது.

---

மருந்துப்பெட்டி — பதிவு 11

சிற்றோடை கிளிபென்கிளமைடைத் தொட்டதால் அதை விரிக்கிறேன். கணையத்தில் இன்சுலின் சுரக்க மூடவேண்டிய வாயிலும் இதயத்தில் காப்புக்குத் திறக்கவேண்டிய வாயிலும் உறவுக்காரர்கள். கிளிபென்கிளமைடு இரண்டையும் பிடிக்கும். கிளிக்லசைடு கணையத்தையே அதிகம் தேடும். கிளிமெப்பிரைடு கொடுத்தவர்களில் பலூன் சோதனையில் முன்பழக்கம் கெடவில்லை. வெட்டி எடுத்த மனித ஏட்ரியத் தசையைப் பாத்திரத்தில் வைத்துச் சோதித்தபோது, சல்ஃபோனைல்யூரியா (மேலே சொன்ன மூன்றும் சேர்ந்த வகை) மாத்திரை எடுத்துவந்த சர்க்கரை நோயாளிகளின் தசை பழகவில்லை. இன்சுலின் எடுத்தவர்களின் தசை பழகியது.

அதற்காக மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். 1998-இல் வெளியான யு.கே.பி.டி.எஸ். ஆய்வில் சல்ஃபோனைல்யூரியா குழுவில் மாரடைப்பு கூடவில்லை. ஆய்வகத்தில் தெரிவதும் ஆயுள் கணக்கில் தெரிவதும் எப்போதும் ஒன்றல்ல. மாற்றுவதானால் மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும். சர்க்கரை கட்டுக்கடங்காமல் போவதே காப்பைக் குலைக்கும்.

காபி, டீ, தியோஃபிலின்: மூன்றும் அடினோசின் ஏற்பியை மறிப்பவை. அடினோசின் ஊசி போட்டுச் செய்யும் ஸ்கேனுக்கு முன் 12 முதல் 24 மணி நேரம் காபி டீ கூடாது என்பது இதனால். நடைமேடை, உங்கள் சோதனையில் நோயாளி காலையில் இரண்டு டம்ளர் டிகிரி காபி குடித்துவிட்டு வந்தால் இரண்டாம் சுற்றுக் கணக்கு மாறக்கூடும். குறித்துவையுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் நிக்கோரண்டில். பொட்டாசியம் வாயிலைத் திறக்கும், கூடவே நைட்ரேட் போலக் குழாயை விரிக்கும் வேலையும் செய்யும். 2002-இல் ஐயோனா ஆய்வு, 5126 பேர், 20 மி.கி. தினம் இருவேளை: இதயச் சாவு, மாரடைப்பு, வலியால் திடீர் அனுமதி மூன்றும் சேர்ந்த கணக்கு 15.5 சதவீதத்திலிருந்து 13.1-க்கு இறங்கியது. தொடக்கத்தில் தலைவலி, நாள்பட்டால் சிலருக்கு வாய்ப்புண், ஆசனவாய்ப் புண். ஆறாத புண் வந்தால் முதலில் இந்த மாத்திரையைச் சந்தேகியுங்கள். எவ்வளவு களிம்பு தடவினாலும் நிறுத்தாமல் ஆறாது.

---

முல்லைக்கொடி — பதிவு 12

கையில் பி.பி. பட்டையைக் கட்டி இறுக்கினால் இதயம் பலப்படும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே. வீட்டு மிஷினில் செய்யலாமா?

---

சிற்றோடை — பதிவு 13

அதற்கு ஒரு உண்மையான வேர் இருக்கிறது. சுற்றுவது வேர் அல்ல.

1993-இல் நாய்களில் சர்க்கம்ஃபிளெக்ஸைச் சிறிது சிறிதாக அடைத்துத் திறந்தபோது, அதோடு தொடர்பே இல்லாத முன் இறங்கு குழாயின் பகுதி காக்கப்பட்டது. பக்கத்துத் தெருவில் அலறினால் இந்தத் தெருவில் கதவு பூட்டுவது போல. பிறகு கை, கால் தசையைப் பட்டினி போட்டாலும் இதயம் காக்கப்படும் என்று தெரிந்தது. செய்தி ரத்தம் வழியாகவும் நரம்பு வழியாகவும் போகிறது. கையை இறுக்கிய மனிதரின் ரத்தத்திலிருந்து வடித்த திரவம் முயல் இதயத்தைக் காக்கிறது. கால் நரம்பு கெட்ட சர்க்கரை நோயாளியின் திரவம் காப்பதில்லை. கையில் உணர்வு நரம்பு வேலை செய்தால்தான் அந்தப் பொருள் ரத்தத்தில் இறங்குகிறது என்பது இதன் பொருள்.

முறை: மேற்கையில் பட்டை, 200 மி.மீ. அழுத்தம், 5 நிமிடம் பிடித்து, 5 நிமிடம் விட்டு, நான்கு சுற்று. ஆக முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. தமனி முழுக்க அடைய வேண்டும். மணிக்கட்டில் நாடி தட்டுப்படக் கூடாது, கை வெளிற வேண்டும். கை நீலம் பாரித்துப் புடைத்தால் தவறாகச் செய்கிறீர்கள்: சிரை மட்டும் அடைந்திருக்கிறது, தமனி ரத்தத்தை உள்ளே கொட்டிக்கொண்டிருக்கிறது. வலிக்கும், தோலடியில் ரத்தப் புள்ளிகள் வரும், தூண்டலும் கிடைக்காது.

வீட்டு மிஷின் அளந்த உடனே காற்றை விட்டுவிடும். ஐந்து நிமிடம் பிடிக்காது. குமிழ் அழுத்தி ஊதும் பட்டை மெல்லக் கசியும்; 200-இல் நிறுத்தியது மூன்றாம் நிமிடத்தில் சிஸ்டாலிக்குக் கீழே வந்துவிட்டால் மேலே சொன்ன நீலக் கைதான். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கை, மார்பக அறுவையில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை, சிரையில் ரத்தக்கட்டி உள்ள கை: தொடவே கூடாது.

---

வெண்ணாறு — பதிவு 14

செய்முறை சரி. பலன்?

---

சிற்றோடை — பதிவு 15

தொடக்கம் நம்பிக்கை தந்தது. 2010-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் குழு, மாரடைப்பு நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றியதுமே பட்டையைக் கட்டியது. ஆபத்துக்குட்பட்ட தசையில் மீட்கப்பட்ட பங்கு 0.55-லிருந்து 0.75 ஆனது.

பிறகு பெரிய ஆய்வுகள். இதய அறுவைக்கு முன் கையை இறுக்கியவை இரண்டு, 2015-இல் ஒரே இதழில்: எரிக்கா 1612 பேர், ரிப்ஹார்ட் 1403 பேர். இரண்டிலும் பலன் இல்லை. மாரடைப்பில் கோண்டி-2/எரிக்-பிபிசிஐ, பிரிட்டன், டென்மார்க், ஸ்பெயின், செர்பியா, 5401 பேர், 2019. ஓராண்டில் இதயச் சாவு அல்லது செயலிழப்புக்கான அனுமதி: இறுக்காதவர்களில் 8.6%, இறுக்கியவர்களில் 9.4%. வேறுபாடு இல்லை.

---

மைட்டோ — பதிவு 16

ஏன் தோற்றது என்பதில்தான் பாடம் இருக்கிறது.

அறுவை ஆய்வுகளில் பெரும்பாலோருக்கு மயக்க மருந்து புரோப்போஃபால். அது கையை இறுக்கிச் செய்யும் தூர முன்பழக்கத்தை மறிக்கிறது என்று முன்பே சந்தேகம் இருந்தது. ஐசோஃபுளூரேன், செவோஃபுளூரேன் போன்ற ஆவி மருந்துகளோ தாமே பழக்குபவை. ஒன்று மறிக்கும், இன்னொன்று ஏற்கெனவே கொடுத்துவிடும். இடையில் பட்டைக்கு வேலை எங்கே?

மாரடைப்பில், ஆய்வக விலங்குக்கு வேறு மருந்து இல்லை. மனிதருக்கு டிகாக்ரெலர் ஏற்றப்பட்டிருக்கிறது. அது பிளேட்லெட்டைத் தடுப்பதோடு, செல்கள் அடினோசினை உறிஞ்சுவதையும் தடுத்து அடினோசினைக் கூட்டுகிறது. அதாவது அதே கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. கூடவே வயது, சர்க்கரை, கொழுப்பு என எல்லாம் சமிக்ஞையின் வாசலை உயர்த்திவிடுகின்றன. ஆய்வகத்து இளம் முயலுக்கு இவை எதுவும் இல்லை.

துளையை நேரே அடைக்கவும் முயன்றார்கள். சைக்ளோஃபிலினைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின், 2008-இல் 58 பேரில் நல்ல முடிவு. 2015-இல் சர்க்கஸ் ஆய்வில், 970 பேர், ஒன்றுமில்லை. பின்பழக்கமும் அப்படியே: ஸ்டென்ட் வைத்ததும் பலூனை ஒரு நிமிடம் ஊதி ஒரு நிமிடம் விட்டு நான்கு முறை. அமிலம் மெல்லக் கழுவப்படட்டும் என்ற எண்ணம், தர்க்கம் அழகானது. 2005-இல் 30 பேரில் என்சைம் 36% குறைந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்த டேனிஷ் ஆய்வில் 2017-இல் பலன் தெரியவில்லை.

சிறிய ஆய்வு நன்றாக வருவதும் பெரிய ஆய்வு கைவிடுவதும் இந்தத் துறையில் வழக்கமாகிவிட்டது. அடுத்த முறை 40 பேரில் "இதயச் சேதம் பாதியானது" என்று செய்தி வந்தால் பொறுத்திருங்கள்.

---

வெண்ணாறு — பதிவு 17

பக்கவாதத்தில் நிலை சற்று வேறு. சீனாவின் ரிகாமிஸ் ஆய்வு, 2022: கைப்பட்டை, 200 மி.மீ., தினம் இருமுறை, 10–14 நாள். 90-ஆம் நாளில் சிறப்பாகத் தேறியவர்கள் 62.0 சதவீதத்திலிருந்து 67.4 சதவீதமாகக் கூடினார்கள். அடுத்த ஆண்டு வந்த டேனிஷ் ஆய்வு பலன் காட்டவில்லை. இதயத்துக்கு இதை எடுத்துக்காட்ட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

---

கேத்லேப் இரவுப்பணி — பதிவு 18

இவ்வளவு நேரம் யாரும் பக்கவழிக் குழாய்களைப் பேசவில்லை. கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே காப்பு அதுதான்.

கினிப் பன்றிக்கு இவை அவ்வளவு அடர்த்தி, ஒரு கரோனரியைக் கட்டினாலும் தசை சாவதில்லை. பன்றிக்கும் முயலுக்கும் ஏறக்குறைய இல்லை. மனிதர் நடுவில், ஆளுக்கு ஆள் மாறுபட்டு. பிறவியிலேயே நுண்ணிய இணைப்புகள் உண்டு. ஒரு பக்கம் அடைப்பு முற்றும்போது இரு முனைக்கும் அழுத்த வேறுபாடு வருகிறது, ஓட்டம் சுவரை உரசுகிறது, மோனோசைட்டு என்ற வெள்ளணுக்கள் ஒட்டி உள்ளே நுழைகின்றன, இழை குழாயாகப் பருக்கிறது. வாரக்கணக்கில் நடக்கும் வேலை. அதனால்தான் மெல்ல மூடிய குழாய்க்குக் கீழே தசை உயிரோடிருப்பதும், 40 சதவீத அடைப்பு திடீரென வெடித்து ரத்தக்கட்டி பிடித்த இளைஞருக்குச் சுவர் முழுதும் சாவதும். பட்டினியால் நுண்தந்துகிகள் முளைப்பது வேறு நிகழ்வு. அவற்றால் பெருங்குழாயின் வேலையைச் செய்ய முடியாது.

ஆஞ்சியோவில் பக்கவழியை மதிப்பிடும் ரென்ட்ராப் தரம் 0 முதல் 3. மூன்று என்றால் அடைபட்ட குழாய் முழுதும் மறுபக்கத்திலிருந்து நிரம்புகிறது. துல்லியம் வேண்டுமானால் பலூனை ஊதிக்கொண்டு, அதற்குக் கீழே அழுத்தக் கம்பியால் அளக்க வேண்டும். அயோர்ட்டாவில் சராசரி 90, மத்தியச் சிரையில் 5, பலூனுக்குக் கீழே 27 என்று வையுங்கள். 27-இல் 5 கழித்தால் 22, 90-இல் 5 கழித்தால் 85, வகுத்தால் பக்கவழிக் குறியீடு 0.26. 0.25-க்கு மேல் இருந்தால் ஓய்வில் ஒரு சிறு அடைப்பைப் பெரும்பாலும் ஈ.சி.ஜி. மாற்றமில்லாமல் தாங்கும். மத்தியச் சிரை அழுத்தத்தைக் கழிக்க மறப்பதுதான் வழக்கமான தவறு. மேலே உள்ள எண்களில் மறந்தால் 0.30 வரும், இருப்பதைவிட நல்ல பக்கவழி என்று ஏமாறுவீர்கள்.

---

நடைமேடை — பதிவு 19

பயிற்சி இந்த எண்ணைக் கூட்டுமா?

---

கேத்லேப் இரவுப்பணி — பதிவு 20

கூட்டும். எக்சைட் என்ற ஜெர்மன் ஆய்வில் வாரம் பத்து மணி நேரம், இஸ்கீமியா (ரத்தப் பற்றாக்குறை) தொடங்கும் எல்லையின் 70 சதவீதத்தில், நான்கு வாரம். குறியீடு 0.142-லிருந்து 0.198. வாரம் 15 மணி நேரம், 60 சதவீதத்தில் செய்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே விழுக்காடு கூடியது. கடுமையைவிட மொத்த நேரம் முக்கியம் என்று நான் இதை வாசிக்கிறேன். வாரம் 10 மணி என்பது வீட்டில் நடக்காத கணக்கு, ஆனால் திசை தெளிவு.

---

மைட்டோ — பதிவு 21

பயிற்சி தசையையும் பழக்கும். எலிகளில் சில நாள் ஓட்டமே போதும். நிறுத்தி ஒன்பது நாள் வரை காப்பு தங்கியது, 18 நாளில் போய்விட்டது. கையில் பட்டை கட்டுவதைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. ஏனென்றால் இது ஒருமுறைத் தூண்டல் அல்ல, நாள்தோறும் புதுப்பிப்பது.

---

வெண்ணாறு — பதிவு 22

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், சுருக்கமாக. 15 நிமிட அடைப்புக்குப் பின் ரத்தம் முழுதாக வந்தாலும் தசை மணிக்கணக்கில், சில நேரம் நாட்கணக்கில் சோம்பிக் கிடக்கும்: ஸ்டன்னிங். நாள்பட்டுக் குறைந்த ரத்தத்தோடு வாழும் தசை சுருங்குவதைக் குறைத்து உயிரைக் காக்கும்: ஹைபர்னேஷன். எக்கோவில் இரண்டும் செத்த தசை போலவே தெரியும். நிமிடத்துக்குக் கிலோவுக்கு 5–10 மைக்ரோகிராம் டோபுட்டமினில் (இதயத்தைத் தூண்டும் மருந்து) அசைந்தால் உயிர் இருக்கிறது. கூட்டிக்கொண்டே போகும்போது மறுபடி சோர்ந்தால் அது ஹைபர்னேஷன். ஆனால் அப்படி உயிருள்ள தசைக்கு ஸ்டென்ட் வைத்தால் ஆயுள் கூடுமா? 2022-இல் ரிவைவ்ட் ஆய்வு, 700 பேர்: சாவு அல்லது அனுமதி 37.2%, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 38.0%. உறங்கும் தசையை எழுப்பினால் எல்லாம் சரியாகும் என்ற எண்ணம் அவ்வளவு எளிதல்ல.

---

நடைமேடை — பதிவு 23

தொகுத்து எனக்கு நடைமுறையில் வேண்டியது இரண்டு. நிலையான ஆஞ்சைனா உள்ளவருக்குப் பயிற்சிக்கு முன் எவ்வளவு நேரம் வார்ம்-அப்? டிரெட்மில்லை ஒரே நாளில் இருமுறை செய்யலாமா?

---

சிற்றோடை — பதிவு 24

முதலாவது: பத்து நிமிடம், வலி வராத வேகத்தில். காப்பு வர வலி தேவையில்லை. வலியைத் தாண்டி நடக்கச் சொல்லி யாரையும் பழக்காதீர்கள். வலி வந்தால் நிற்க வேண்டும், உட்கார்ந்து நாக்கடியில் நைட்ரேட் வைக்க வேண்டும். குளிரிலும் சாப்பிட்ட உடனேயும் எல்லை இறங்கும், அன்று வார்ம்-அப்பை நீட்டுங்கள்.

இரண்டாவது: கூடாது, குறிப்பாக மருந்தின் பலனைப் பார்க்கும்போது. காலையில் ஒரு சோதனை, மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து மறு சோதனை என்று செய்தால் எஸ்.டி. இறக்கம் பிந்துவது மாத்திரையாலா முதல் சுற்றாலா என்று யாராலும் பிரிக்க முடியாது. வேறொரு நாளில், அதே நேரத்தில், அதே காலை உணவோடு, காபி இல்லாமல் செய்யுங்கள். இரண்டாம் தவணையும் கலக்காமல் இருக்க நான்கு நாள் விட்டால் நல்லது. ஒரே நாளில் செய்தே ஆகவேண்டிய கட்டாயம் வந்தால், அறிக்கையில் முதல் சுற்றின் எண்ணைத் தனியே எழுதிவையுங்கள். அடைப்பின் உண்மையான எல்லை அதுதான்.